தோட்டா மறுநிரப்பும் பிரஸ், பட்டறையின் சின்ன பிரஸ்ஸாக: ஏழு ஆண்டு அனுபவம்

சுடப்பட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் திரும்பவும் சரியான அளவுக்குக் கொண்டுவருவதற்காகச் செய்யப்பட்ட ஒற்றை நிலை ரீலோடிங் பிரஸ் ஒன்றை நான் ஏழு ஆண்டுகளாக முற்றிலும் வேறு வேலைகளுக்குப் பயன்படுத்தி வருகிறேன். அதில் ஒரு தோட்டாவும் நிரப்பியதில்லை, நிரப்பும் எண்ணமும் இல்லை. வெண்கல புஷ் (தண்டு உள்ளே சுழலும் குழல்) இறக்குவது, சின்ன பேரிங்குகளை ஏற்றுவது, ஐலெட் (துணித் துளையின் ஓரத்தைக் காக்கும் உலோக வளையம்) அழுத்துவது, மெல்லிய பித்தளைத் தகட்டில் வாஷர் வெட்டுவது, மர முளைகளை ஒரே விட்டத்துக்குக் கொண்டுவருவது ஆகியவையே என் மேசையில் அது செய்யும் வேலைகள். இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: ஒரு வேலைக்கு வேண்டிய அழுத்தம் முழுவதும் ராம் எனப்படும் அழுத்துத்தண்டு மேலேறும் ஓட்டத்தின் கடைசிச் சில மில்லிமீட்டருக்குள் விழுமாறு அமைத்துக்கொள்ள முடிந்தால், இந்த அளவில் இதைவிட நல்ல கைப்பிரஸ்ஸை நான் பார்த்ததில்லை. அவ்வாறு அமைக்க முடியாத வேலைகளில் இதனோடு மல்லுக்கட்டுவது வீண்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் எல்லாமே அதைச் சார்ந்தவை. பட்டறைகளில் பரவலாக இருக்கும் ஆர்பர் பிரஸ்ஸில் ஒரு பல்சக்கரம் பற்சட்டத்தைத் தள்ளுகிறது; ஆகவே ஓட்டத்தின் எந்த இடத்திலும் கிடைக்கும் விசை மடங்கு ஒன்றே. ரீலோடிங் பிரஸ்ஸில் இருப்பதோ மடங்கிய முழங்கால் நிமிர்வதுபோல் நிமிரும் இணைப்புச் சட்டங்கள். அவை நேராகிக்கொண்டே வரும்போது ராமின் நகர்வு குறைந்துகொண்டே போகிறது, விசை ஏறிக்கொண்டே போகிறது. என் பிரஸ்ஸில் அளந்து பார்த்தேன். ஓட்டத்தின் நடுவில் கைப்பிடியின் குமிழ் 10 செ.மீ. நகரும்போது ராம் ஏறத்தாழ 11 மி.மீ. ஏறுகிறது, முடிவை ஒட்டிய கடைசி 10 செ.மீ. நகர்வில் அது 2 மி.மீ. கூட ஏறுவதில்லை. உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், 15 கிலோ எடைக்குச் சமமாகக் கையால் அழுத்துகிறவருக்கு நடுவில் 135 கிலோவும், முடிவில் முக்கால் டன்னுக்குக் குறையாத அழுத்தமும் கிடைக்கிறது. பித்தளைக் கூட்டை அளவுபடுத்தும்போது கூடு முழுவதும் டைக்குள் (வடிவம் தரும் அச்சுக்குள்) நுழைந்து மிகுந்த எதிர்ப்புக் காட்டும் இடமும் அந்த முடிவிடம்தான் என்பதால், அந்தத் தொழிலுக்கு இந்த அமைப்பு பொருத்தமாக இருக்கிறது.

இந்த வகைக் கருவிகளில் புகழ்பெற்ற ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் பெயரே உலோகத்தை அழுத்தி உருமாற்றும் வேலையிலிருந்து வந்தது. கலிபோர்னியாவின் ஓரோவில்லில் பிரெட் ஹண்டிங்டன் 1943ஆம் ஆண்டு தொடங்கிய அந்த முயற்சி, பயன்படுத்திய .22 ரிம்ஃபயர் (அடிவிளிம்பில் தட்டிச் சுடப்படும் வகை) கூடுகளைக் குண்டுகளுக்கான உறையாக அழுத்தி வடிக்கும் டைகளிலிருந்து பிறந்தது. 'ராக் சக் புல்லட் ஸ்வேஜ்' என்பதன் முதலெழுத்துகளே அந்தப் பெயர். இந்தப் பிரஸ்ஸை உலோக வேலைக்குக் கொண்டுவருவது புதுமை அன்று, அதன் பிறவிக் குணத்துக்கு அருகில் செல்வதுதான் என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய பிரஸ் ஒன்றை வாங்குகிறவர்கள் வேறு எதையும் செய்வதற்கு முன் அதைச் சுத்தப்படுத்த வேண்டும். தோட்டாவின் அடியில் இருந்து தீப்பொறி தரும் பிரைமர்களில் பெரும்பாலானவற்றின் கலவையில் ஈயச் சேர்மம் இருப்பதால், கழற்றப்பட்ட பிரைமர்களிலிருந்து உதிர்ந்த கருந்தூள் ராமின் துளையிலும் இணைப்புச் சட்டங்களின் மூட்டுகளிலும் படிந்திருக்கும். அழுத்தக் காற்றால் ஊதினால் அத்தூள் மூச்சுக்குள் போகும். கையுறை அணிந்து, ஈரத்துணியாலும் மண்ணெண்ணெய் தோய்த்த தூரிகையாலும் துடைத்தெடுத்து, துணியைத் தனியே கட்டி அப்புறப்படுத்துவதே சரி. ராமின் அடியில் வெடிக்காத பிரைமர் ஏதேனும் சிக்கியிருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்த பிறகே நான் ஒவ்வொரு மூட்டையும் கழற்றினேன்.

இனி மரை. இந்தப் பிரஸ்களின் தலையில் டை முறுக்கும் துளை 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 மரையும் கொண்டது. கடைகளில் யு.என்.எஃப். என்று கேட்டால் கிடைக்கும் 7/8 அங்குல நுண்மரை போல்ட்டுக்கும் இதே அளவுதான். இந்த ஒற்றுமை தெரிந்த நாளில் எனக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. விலையுயர்ந்த வெற்று டை எதுவும் வாங்காமல், அத்தகைய போல்ட் ஒன்றின் தலையை வெட்டிவிட்டு, லேத்தில் பிடித்து நடுவே துளையிட்டால் எந்த பஞ்சையும் (அழுத்தி வெட்டும் எஃகுத் தண்டையும்) தாங்கும் பிடிப்பான் ஆகிவிடுகிறது. நட் ஒன்றை மேலே போட்டு இறுக்கினால் அதுவே டை நகராமல் பிடிக்கும் லாக் நட். அதே விட்டத்தில் கிடைக்கும் பருமரை போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 9 மரை. அது நுழையவே நுழையாது என்பதால் ஆபத்தில்லை. ஆபத்து எம்22 மெட்ரிக் போல்ட்டில்தான் இருக்கிறது. அதன் விட்டம் 22 மி.மீ., பிரஸ்ஸின் மரையோ 22.2 மி.மீ. என்பதால் கைக்கு இரண்டு சுற்று இதமாக இறங்கும், பிறகு இறுகும். எண்ணெய் போதவில்லை என்று எண்ணி முதல் ஆண்டில் ஸ்பானரால் ஒருமுறை இன்னும் அரைச்சுற்று திருப்பினேன். பிரஸ்ஸின் முதல் இரண்டு மரைகள் அதில் நசுங்கின. சரியான அளவுள்ள, மரை வெட்டும் டேப்பைக் கையால் மெல்ல இறக்கி மரையை நேராக்கிய பிறகும், அந்த இடத்தில் புதிய டை எதுவும் இன்றுவரை கொஞ்சம் தயங்கித்தான் நுழைகிறது.

அந்த மரையே இந்தப் பிரஸ்ஸின் மிகப்பெரிய சொத்து. ஒரு முழுச் சுற்றுக்கு 1.81 மி.மீ. இறங்கும் என்பதால், லாக் நட்டின் மேல் வட்டத்தை 18 சம பாகங்களாகக் கோடிட்டேன். ஒவ்வொரு கோடும் 0.1 மி.மீ. ஆகிறது. ஓட்டத்தின் முடிவு எப்போதும் ஒரே இடத்தில் இருக்க, டையை மேலும் கீழும் நகர்த்தி அழுத்தத்தின் ஆழத்தைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை நிர்ணயிப்பது சாதாரண ஆர்பர் பிரஸ்ஸில் இவ்வளவு எளிதாகக் கைவராது. ஐலெட் வேலையில் இதன் அருமை தெரியும். ஆழம் சற்றுக் குறைந்தால் ஐலெட் துணியில் சுழலும். சற்று மிகுந்தால் அதன் விளிம்பு பூப்போல் பிளந்து துணியை அறுக்கும். முதல் மூன்றில் கோடு பார்த்துச் சரிசெய்து நட்டை இறுக்கிவிட்டால், அதற்குப் பின் வரும் இருநூறும் ஒன்றுபோலவே இருக்கும், களைத்த கையும் அதைக் கெடுக்க முடியாது.

ஆழத்தை வெறும் ராமோடு வைத்துப் பார்த்து நிர்ணயித்தால் தவறும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அழுத்தம் ஏறும்போது சட்டகம் கொஞ்சம் நீள்கிறது, மூட்டுகளின் தளர்வு முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, மரையின் இடைவெளியும் மூடுகிறது. ஆகவே ஒரு துண்டை உள்ளே வைத்து, கைப்பிடியை முழுவதும் இறக்கி, அந்தப் பளு இருக்கும் நிலையிலேயே லாக் நட்டை இறுக்குவது என் வழக்கம். டை தன் மரையில் நேராக அமரவும் அது உதவுகிறது.

ராமின் உச்சியில், தோட்டாக் கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் நுழையும் டி வடிவப் பள்ளம் இருக்கிறது. அதில் பொருந்துமாறு சாதாரண எஃகில் டி வடிவத் தலை கொண்ட ஒரு துண்டைக் கடைந்து, மேற்பகுதியைத் தட்டையாக விட்டால் சின்னப் பட்டறைக்கல் ஒன்று கிடைக்கிறது. நான் இதுவரை பதினொரு துண்டுகள் செய்திருக்கிறேன்: தட்டையானது, நடுவில் குழியுள்ளது, ஐலெட்டின் கழுத்தைத் தாங்குவது, வெவ்வேறு பேரிங்குகளுக்கான வளையங்கள் என்று. அந்தப் பள்ளத்தில் துண்டு கொஞ்சம் அசையும். தொடக்கத்தில் இதைக் குறையாகக் கருதி, மெல்லிய தகடு செருகி அசைவை நீக்கப் பார்த்தேன். அது தவறான முயற்சி. கூடு தானே டையின் மையத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்பதற்காகவே அந்தத் தளர்வு விடப்பட்டிருக்கிறது. நம் வேலைகளிலும் ராம் தள்ளுவதை மட்டும் செய்ய வேண்டும். மையத்தைக் காக்கும் பொறுப்பை டையின் உடலுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும்.

வாஷர் வெட்டும் டையில் இது எனக்குத் தெளிவாயிற்று. 0.5 மி.மீ. பித்தளைத் தகட்டில் 10 மி.மீ. வட்டம் வெட்ட, சுற்றளவையும் தடிமனையும் உலோகத்தின் வெட்டுவலிமையையும் பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 400 கிலோ வரும். ஓட்டத்தின் முடிவில் இந்தப் பிரஸ்ஸுக்கு அது எளிது. முதலில் பஞ்சை மேலே போல்ட்டிலும் வெட்டும் துளையை ராமிலும் வைத்தேன். இவ்வளவு மெல்லிய தகட்டுக்குப் பஞ்சுக்கும் துளைக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி வேண்டியிருக்க, ராமின் பக்க அசைவே அதைவிட அதிகமாக இருந்ததால், பஞ்ச் துளையின் விளிம்பில் மோதி ஓரம் உதிர்ந்தது. கடினப்படுத்திய எஃகின் சில்லு ஒன்று என் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் நான் இந்தப் பிரஸ்ஸின் முன் அமர்வதே இல்லை என்பதற்கு அந்த நாள் காரணம்.

இப்போது இருக்கும் டையின் அமைப்பு வேறு. துளையிட்ட 7/8 அங்குல போல்ட்டின் அடியில் வெட்டும் வளையம். அதற்குக் கீழே தகட்டைச் செருக ஒரு பக்கவாட்டுப் பிளவு. அதற்கும் கீழே பஞ்சுக்கு வழிகாட்டும் துளை. இம்மூன்றும் ஒரே உடலில், ஒரே பிடிப்பில் கடையப்பட்டவை. பஞ்சின் அடிப்பகுதி டி வடிவத் தலையோடு ராமின் பள்ளத்தில் தளர்வாக அமர்கிறது, ஆகவே ராம் எப்படி அசைந்தாலும் பஞ்ச் தன் துளையிலேயே நேராக ஏறுகிறது. கைப்பிடியை மேலே தூக்கும்போது பஞ்சோடு ஒட்டிக்கொண்டு இறங்கப் பார்க்கும் தகட்டைப் பிளவின் கீழ்விளிம்பு தடுத்து உரித்துவிடுகிறது. வெட்டுப்பட்ட வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போல்ட்டின் உள்ளே ஏறி, மேலே கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் குப்பியில் விழுகின்றன. வார்த்த ஈயக் குண்டுகளை அளவுபடுத்தும் டைகளில் குண்டு கீழிருந்து தள்ளப்பட்டு மேலே வெளியேறும் முறையைப் பார்த்தே இதை அமைத்தேன்.

மர முளைகளுக்கான டையும் அதே முறைதான், வெட்டும் வளையத்தின் துளை சரியாக 8 மி.மீ., அடிவிளிம்பு கூர்மையாகத் தீட்டப்பட்டது. சற்றுப் பெருத்த 40 மி.மீ. முளை கீழிருந்து நுழைந்து, சுருள் சுருளாக மரத்தை உதிர்த்துவிட்டு, தனக்கு முன் சென்றதைத் தள்ளிக்கொண்டு மேலே போகிறது. எதிர்ப்பு ஓட்டம் முழுவதும் பரவிய வேலை இது என்றாலும், மரத்தின் எதிர்ப்பு சிறியது என்பதால் ஓட்டத்தின் நடுவில் உள்ள விசையே போதுமானதாக இருக்கிறது.

நான் மிகுந்த விருப்பத்தோடு செய்வது புஷ் இறக்கும் வேலை. எண்ணெய் ஊறிய துகள்வார்ப்பு வெண்கல புஷ்கள் சின்ன மோட்டார்களிலும் மின்விசிறிகளிலும் இருப்பவை. இவற்றை இறுக்கமாக இறக்கும்போது வெளிப்புறம் எவ்வளவு இறுகுகிறதோ, ஏறத்தாழ அதே அளவுக்கு உள்துளையும் சுருங்கும். பிறகு ரீமர் போட்டுத் துளையைப் பெருக்கினால், எண்ணெயைக் கசியவிடும் நுண்துளைகள் தேய்ந்து மூடிக்கொள்ளும். புஷ் விரைவில் வறண்டுவிடும். அதனால் இறக்கும்போதே துளைக்குள் ஒரு பின், அதாவது கடினமான, மெருகேற்றிய உருளைக் கம்பி, இருக்க வேண்டும். என்னிடம் உள்ள பின், மோட்டாரின் தண்டைவிட நூறில் ஓரிரு மில்லிமீட்டர் பெரிது. அதன் தோள்பட்டை புஷ்ஷின் முகத்தை அழுத்துகிறது. புஷ்ஷைப் பின்னில் மாட்டி, மோட்டாரின் மூடியைக் கீழே பட்டறைக்கல்லில் அமர்த்தி, கைப்பிடியை மெல்ல இறக்க வேண்டும். சாய்வான விளிம்பு துளையைத் தொடும்போது கைக்கு ஒரு சின்னத் தயக்கம் தெரியும். நேராக இருந்தால் அடுத்த கணமே எதிர்ப்பு சீராக, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் தொடரும். கோணலாக இருந்தால் எதிர்ப்பு விட்டுவிட்டு வரும். உடனே நிறுத்தி மேலே எடுத்துவிட வேண்டும். புஷ்ஷின் முகம் மூடியின் முகத்தோடு சமமாகும் இடத்தில் டையின் உடல் மூடியைத் தொட்டு நிற்குமாறு வைத்திருக்கிறேன். பின்னை உருவியதும் தண்டைச் செருகிப் பார்த்தால், தன் எடையிலேயே அது வழுக்கிக்கொண்டு இறங்கும்.

பேரிங் ஏற்றுவதில் எல்லோருக்கும் தெரிந்த விதியே இங்கும்: அது அமரும் குழிக்குள் (ஹவுசிங்கில்) இறுகும்போது வெளிவளையத்தையும், தண்டில் இறுகும்போது உள்வளையத்தையும் மட்டுமே அழுத்த வேண்டும். இந்தப் பிரஸ்ஸுக்கு உரிய சிக்கல் வேறு. தலைத்துளையின் மரை உச்சிகளுக்கு இடையே ஏறத்தாழ 20.3 மி.மீ. தான் இருப்பதால், 19 மி.மீ. வெளிவிட்டமுள்ள 626 பேரிங் அதன் வழியே போய்விடும், 22 மி.மீ. உள்ள 608 போகாது. சில பிரஸ்களில் 7/8 அங்குல மரையுள்ள வளையத்தைக் கழற்றினால் 1¼ அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 12 மரையும் உள்ள பெரிய துளை வெளிப்படும், ஆர்.சி.பி.எஸ். ராக் சக்கர், லீ கிளாசிக் காஸ்ட் ஆகியவை அத்தகையவை. இந்த வேலைகளை மனத்தில் வைத்துப் பழைய பிரஸ் தேடுகிறவர்கள் அந்த வளையம் கழலக்கூடியதா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

மூன்றாம் ஆண்டில் நேர்ந்த ஓர் இழப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பம்பு மோட்டார் ஒன்றின் அலுமினிய மூடியில் பேரிங் ஏற்றும்போது, ஆழத்தை நிர்ணயிக்காமல் கையின் உணர்வை நம்பினேன். பேரிங் அடிவரை போய்ச் சேர்ந்தது எனக்குத் தெரியவே இல்லை, ஏனெனில் ஓட்டத்தின் அந்த இடத்தில் டன் கணக்கான அழுத்தமும் கைக்கு லேசாகவே இருக்கும். மெல்லிய முறிவொலி ஒன்று கேட்டது. மூடியின் அடியில் மயிரிழைபோல் விரிசல். அந்த மூடி தனியே கிடைக்காத வகை, மோட்டார் முழுவதையும் மாற்றிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று முதல், நிற்க வேண்டிய இடத்தை இரும்பு தொட்டு நிறுத்துமாறு அமைக்காமல் நான் கைப்பிடியைத் தொடுவதில்லை. தண்டில் சக்கரம் நழுவாமல் பிடிக்கும் சாவிக்கட்டையை இறக்குவது, கப்பியைத் தண்டிலிருந்து 30 மி.மீ. தள்ளிக் கழற்றுவது, தண்டின் வளைவெடுப்பது, சாவிப்பள்ளம் இழுப்பது ஆகியவற்றை இதில் முயன்று விட்டுவிட்டேன். நீண்ட ஓட்டம் முழுவதும் ஒரே விசை கேட்கும் அவற்றுக்கு ஆர்பர் பிரஸ்ஸே ஏற்றது.

சட்டகத்தின் வடிவம் பற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. ஒரு பக்கம் திறந்த சி வடிவத்தில் பெரிய பொருளை எளிதாக நுழைக்கலாம், ஆனால் அழுத்தத்தில் அதன் வாய் சற்று விரிந்து டையின் அச்சு சாய்கிறது. சுற்றிலும் மூடிய ஓ வடிவம் நேராக நீள்கிறதே தவிரச் சாய்வதில்லை. என்னுடையது வார்ப்பிரும்பில் ஓ வடிவம். வாஷர் வெட்டுவதற்கு அதுவே வேண்டும். மோட்டார் மூடிகளை உள்ளே கொண்டுபோவதில் படும் பாட்டை அதற்காகப் பொறுத்துக்கொள்கிறேன். டன் கணக்கான அழுத்தம் சட்டகத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால் மேசைக்கு அது போவதில்லை. மேசை தாங்க வேண்டியது கைப்பிடி இழுப்பின் புரட்டலை மட்டும்தான். இருந்தும் தகடு வெட்டுப்படும் கணத்தில் எதிர்ப்பு சட்டென்று மறைந்து கைப்பிடி விழுவதால் வரும் அதிர்ச்சி, முதல் மேசையின் திருகுகளை ஓராண்டில் தளர்த்திவிட்டது. இப்போது 50 மி.மீ. பலகையின் அடியில் இரும்புப் பட்டை வைத்து, ஊடுருவும் போல்ட்டுகளால் பிடித்திருக்கிறேன், மீண்டும் தளரவில்லை.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, மர முளைகளின் தூளும் தேய்ப்புத்தாளின் துகளும் எண்ணெயோடு கலந்து ராமின் பக்கங்களை அரிக்கின்றன. வாங்கிய முதல் மாதத்தில் டயல் கேஜால் ராமின் உச்சியில் அளந்த பக்க அசைவு 0.06 மி.மீ.; இப்போது 0.11. தோலில் வெட்டிய வளையம் ஒன்றை ராமின் மேல் கழுத்தில் மாட்டிய பிறகு இரண்டு ஆண்டுகளாக அது கூடவில்லை. இணைப்புச் சட்டத்தின் கீழ்ப்பின் ஒன்றை மட்டும் ஐந்தாம் ஆண்டில் மாற்றினேன். பழைய பின்னின் ஒரு பக்கம், வெட்டும் வேலையின் அதிர்ச்சி விழுந்த பக்கம், தட்டையாகத் தேய்ந்திருந்தது. அடுத்ததாக 608 பேரிங்குக்காக 1¼ அங்குல மரையில் ஒரு பிடிப்பானைக் கடையத் தொடங்கியிருக்கிறேன். லேத்தில் மரை வெட்டும் பாதி வேலை முடிந்திருக்கிறது.